ஏற்கெனவே தெரிந்தவருக்கு எழுதும் கட்டுரை

அமெரிக்கக் கல்லூரிகளில் முதலாமாண்டு காம்போசிஷன் வகுப்பில், அதாவது எழுதப் பழக்கும் வகுப்பில், கட்டுரை எழுதச் சொல்வதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. பல வருடமாக அதைத் திருப்பித் திருப்பி யோசித்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் அடங்கவில்லை, அதனால் இங்கே எழுதிப் பார்க்கிறேன். கேட்கிற ஆசிரியருக்கு உண்மையிலேயே விடை தெரியாத கேள்வியைத்தான் அசைன்மென்டாகக் கொடுக்க வேண்டும் என்பதே அந்தக் கருத்து. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்த காலத்தில் டி.ஏ.வாக, அதாவது கற்பிக்கும் உதவியாளராக, இந்த வகுப்பை எடுக்கத் தொடங்கினேன், இப்போதும் எடுக்கிறேன். பெரும்பாலான அமெரிக்கக் கல்லூரிகளில் எந்தத் துறையில் சேர்ந்தாலும் இதைத் தாண்டித்தான் போக வேண்டும், அதனால் செவிலியர் படிப்புக்கு வந்தவரும் பொறியியலுக்கு வந்தவரும் விவசாயம் படிக்க வந்தவரும் என் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். செமஸ்டருக்கு நாலு கட்டுரை: சொந்த அனுபவம் ஒன்று, யாரோ பேசிய உரையையோ எழுதிய தலையங்கத்தையோ அலசுவது ஒன்று, ஆதாரங்களோடு வாதாடுவது ஒன்று, கடைசியில் எழுதியதையெல்லாம் திரும்பிப் பார்ப்பது ஒன்று. ஊருக்கு ஊர் பெயர் மாறும், வரிசை மாறும், மற்றபடி இதுதான்.

இந்த நாலையும் வாங்கிப் படிக்கிறவர் யார் என்று பாருங்கள். அலசச் சொல்லும் உரையை ஆசிரியர் வருடா வருடம் பாடமாக நடத்தியிருப்பார், அதில் பேச்சாளர் எங்கே உணர்ச்சியைத் தொடுகிறார், எங்கே கணக்குச் சொல்கிறார் என்பது அவருக்கு மனப்பாடம். வாதக் கட்டுரைக்கு வரும் தலைப்புகளும் அப்படித்தான், துப்பாக்கிச் சட்டம், சமூக ஊடகம், குறைந்தபட்ச ஊதியம், கல்லூரி விளையாட்டு வீரர்களுக்குச் சம்பளம் என்று ஒரு சின்ன வட்டத்துக்குள்ளேயே சுற்றும், இரண்டு பக்கத்து வாதமும் எல்லோருக்கும் தெரிந்தது. பதினெட்டு வயதுப் பிள்ளை ஒன்று, தன்னைவிட அந்த விஷயம் நன்றாகத் தெரிந்த ஒருவருக்கு, அவர் கேட்டார் என்பதற்காக மட்டும் அதைத் திருப்பிச் சொல்கிறது. கல்லூரிக்கு வெளியே யாரும் இப்படி எழுதுவதில்லை. வீட்டுச் சொந்தக்காரருக்குக் கடிதம் எழுதினால் குழாய் ஒழுகுவது அவருக்குத் தெரியாது என்பதால் எழுதுகிறோம், மருத்துவரிடம் எங்கே வலிக்கிறது என்று சொல்வதும் அவருக்குத் தெரியாததால்தான். சொல்வதற்கு ஒன்று இருக்கிறது, கேட்கிறவருக்கு அது வேண்டியிருக்கிறது, அந்த இழுப்பில்தான் வாக்கியம் நேராகிறது. அந்த இழுப்பை எடுத்துவிட்டு, தெளிவாக எழுது, விவரமாக எழுது, வாசகரை மனதில் வைத்து எழுது என்று ஓரத்தில் குறிப்பு எழுதிக்கொண்டே இருக்கிறோம்.

நானும் நம்மூரில் படித்து வந்தவன்தான். முன்னுரை, பொருளுரை, முடிவுரை, நடுவே நாலு துணைத்தலைப்பு, பொருத்தமாக ஒரு திருக்குறள். நூலகத்தின் பயனைப் பற்றி அந்த வருடம் மாநிலம் முழுக்க எத்தனை பேர் எழுதினார்களோ அத்தனை பேரும் ஒரே கட்டுரையைத்தான் எழுதினோம், நாங்கள் எந்த நூலகத்துக்குப் போனோம், அது எத்தனை மணிக்குத் திறந்திருந்தது என்று ஒருவரும் எழுதவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அதனால் அமெரிக்க மாணவர்கள் ஐந்து பத்திக் கட்டுரையோடு வந்து நின்றபோது எனக்கு அது புதிதாகவே தெரியவில்லை. முதல் பத்தியின் கடைசி வரியில் தீசிஸ், அதாவது கட்டுரை நிறுவ வரும் மையக் கருத்து, அப்புறம் மூன்று காரணம், காரணத்துக்கு ஒரு பத்தி, கடைசிப் பத்தியில் முதல் பத்தியே வேறு சொற்களில். உயர்நிலைப் பள்ளியில் அதை நன்றாகப் பழக்கி அனுப்புகிறார்கள்.

மணிக்கு எவ்வளவு

ஒரு வருடம் துறையின் பொதுப் பட்டியலில் இருந்து ஒரு மாணவி குறைந்தபட்ச ஊதியத்தைத் தேர்ந்தெடுத்தார். கூட்டாட்சி அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 7.25 டாலர், 2009 ஜூலையில் ஏறியது, அதற்கப்புறம் நகரவில்லை, விஸ்கான்சினிலும் அதே தொகைதான். அவருடைய முதல் வரைவு, வரலாற்றின் தொடக்கத்திலிருந்தே மனிதர்கள் உழைத்து வந்திருக்கிறார்கள் என்று தொடங்கியது. உயர்த்த வேண்டும், மூன்று காரணம், எதிர்த்தரப்புக்கு ஒரு பத்தி, நூலகத் தரவுத்தளத்திலிருந்து ஐந்து ஆதாரம், எம்.எல்.ஏ. (மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன்) முறைப்படி ஒரு காற்புள்ளிகூடப் பிசகாத மேற்கோள் பட்டியல். ரூப்ரிக்கை, அதாவது மதிப்பெண் போடும் அளவுகோலை, வைத்துப் பார்த்தால் பி போட்டுத்தான் ஆக வேண்டும், ஏ போட்டாலும் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. அதில் பிழை என்று சொல்ல ஒன்றும் இல்லை. அவரும் அதில் இல்லை.

கான்ஃபரன்ஸுக்கு வந்தார், அதாவது வரைவை வைத்துக்கொண்டு ஆளுக்குப் பதினைந்து இருபது நிமிடம் தனியாகப் பேசும் நேரம். பேச்சு எப்படியோ வீட்டுப் பக்கம் திரும்பியது, பால் பண்ணைக் குடும்பம் என்றார். எனக்குப் பால் விஷயத்தில் எப்போதுமே ஆர்வம் உண்டு. எங்கள் ஊர் சொசைட்டியில் லிட்டர் கணக்கில் ஊற்றுவார்கள், கொழுப்பும் எஸ்.என்.எஃப்.பும் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) பார்த்து விலை போடுவார்கள், அந்த அட்டையைச் சின்ன வயதில் பார்த்துப் பார்த்துப் பழகியவன். இங்கே எப்படி என்று கேட்டேன். நூறு பவுண்டுதான் கணக்கு, கிட்டத்தட்ட 45 கிலோ, அதை ஹண்ட்ரட்வெயிட் என்பார்கள் என்றார். ஒரு ஹண்ட்ரட்வெயிட்டுக்கு இன்றைக்கு என்ன விலை என்றேன். இன்றைக்குத் தெரியாது என்றார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது, இவருக்குத்தான் தெரியாதோ என்று நினைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே, அப்பாவுக்கும் தெரியாது, இந்த மாதம் ஊற்றுகிற பாலுக்கு நடுவில் ஒரு முன்பணம் வரும், இறுதி விலை அடுத்த மாதம்தான் தெரியும் என்றார். விற்று முடித்த பிறகு விலை தெரிகிற வியாபாரத்தை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. அப்படியானால் உங்கள் அப்பாவுக்கு மணிக்கு எவ்வளவு கூலி விழுகிறது என்று கேட்டேன். எந்தப் பாடத் திட்டமும் மனதில் இல்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், கணக்குப் போட்டுப் பார்த்ததே இல்லை என்றார். காலை நாலரை மணிக்கு ஒரு கறவை, மாலையில் ஒன்று, பள்ளி நாட்களில் காலைக் கறவையில் தானும் தம்பியும் நிற்போம், பக்கத்துப் பண்ணைப் பையன் ஒருவன் வார இறுதியில் வருவான், அவனுக்கு மட்டும் மணிக் கணக்கில் சம்பளம் என்று அடுக்கிக்கொண்டே போனார். நான் எழுதிக்கொண்டே இருந்தேன். இருபது நிமிடம் முடிந்து அடுத்த மாணவர் கதவைத் தட்டும்வரை அந்த வரைவை நாங்கள் இருவரும் திறக்கவே இல்லை. தலைப்பை மாற்றலாமா என்று கேட்டார். மாற்ற வேண்டாம், அதே குறைந்தபட்ச ஊதியம்தான், எனக்கு இந்தக் கணக்கு மட்டும் வேண்டும் என்றேன்.

இரண்டாவது வரைவில் அப்பாவிடமிருந்து வாங்கிய பால் பட்டுவாடாச் சீட்டு ஒன்று இருந்தது. அதை வரி வரியாக எனக்கு விளக்கியிருந்தார், எனக்கு அது ஒன்றுமே தெரியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்ததால் ஒரு வரியையும் தாண்டவில்லை. மொத்த எடை, கொழுப்பு, புரதம், பாலின் தரத்துக்குச் சேர்த்துத் தரும் தொகை. அதற்குக் கீழே பிடித்தங்கள்: லாரிக் கூலி, கூட்டுறவுக்குக் கட்டும் தொகை, ஹண்ட்ரட்வெயிட்டுக்கு 15 சென்ட் பால் விளம்பர நிதி. அந்த 15 சென்ட் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது என்பதைத் தானாகவே தேடிக் கண்டுபிடித்திருந்தார், முதல் வரைவில் இருந்த ஐந்து ஆதாரங்களில் எதையும் அவர் இப்படித் தேடியிருக்க மாட்டார். பக்கத்துப் பண்ணைப் பையனுக்குக் கொடுக்கும் கூலி ஒரு பக்கம், அப்பாவும் அம்மாவும் உழைக்கும் மணி ஒரு பக்கம். சில மாதங்களில் அப்பாவின் கணக்கு ஏழே கால் டாலரைத் தொடவில்லை. 1938இல் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் வந்தபோது பண்ணைத் தொழிலாளர்களை வெளியே விட்டதும், 1966 திருத்தத்தில்தான் அவர்களில் ஒரு பகுதியினரை உள்ளே எடுத்ததும், பண்ணைக்காரரின் சொந்தப் பிள்ளைகளுக்கு அந்தச் சட்டம் இன்றுவரை பொருந்தாது என்பதும் அடுத்த பக்கங்களில் வந்தன. விஸ்கான்சினில் 2004 வாக்கில் 15,000க்கு மேல் இருந்த பால் பண்ணைகள் இப்போது 6,000க்கும் கீழே வந்துவிட்டதை அவர் சொன்ன இடத்தில் அந்த எண்ணுக்குக் கனம் இருந்தது, அதற்கு முந்தைய பக்கத்தில் ஒரு பண்ணையின் சீட்டை நான் படித்திருந்தேன்.

அந்தக் கட்டுரையின் தீசிஸ் கடைசிக்கு முந்தைய பத்தியில் இருந்தது. ஊதியத்தை உயர்த்த வேண்டும் என்ற பக்கமே நின்றார், ஆனால் அதைக் கொடுக்க வேண்டியவர்களில் தன் வருமானத்தைத் தானே நிர்ணயிக்க முடியாதவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு வரும் விலையைப் பேசாமல் அவர்கள் தரும் கூலியைப் பேசுவது பாதிப் பேச்சு என்றார். இந்த வாதத்தை நான் அதற்கு முன் எந்த மாணவர் கட்டுரையிலும் படித்ததில்லை. கட்டுரையில் காற்புள்ளிப் பிழைகள் இருந்தன, முதல் வரைவைவிட அதிகமாகவே இருந்தன. வாக்கியங்கள் நீண்டிருந்தன, இதற்கு முன் சொல்லிப் பழகாத விஷயத்தைச் சொல்கிறவருக்குப் பிழை வரத்தான் செய்யும்.

பிழை பார்க்கப் பிறந்த வகுப்பு

இந்த வகுப்பு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் ஆசிரியர் ஏன் எப்போதும் தெரிந்தவராகவே உட்கார்ந்திருக்கிறார் என்பது புரியும். 1874இல் ஹார்வர்டு தன் நுழைவுத் தேர்வில் ஆங்கிலக் கட்டுரையைச் சேர்த்தது. எழுத்துக்கூட்டல், நிறுத்தற்குறி, இலக்கணம் எல்லாம் சரியாக இருக்க வேண்டும், பொருளை முன்கூட்டியே அறிவித்த இலக்கிய நூல்களிலிருந்து எடுக்க வேண்டும் என்பது விதி. திருத்துகிறவர் அந்த நூல்களைக் கரைத்துக் குடித்தவர். மாணவர் எழுதிய எதுவும் அவருக்குச் செய்தியாக இருக்க வழியே இல்லை, எப்படி எழுதியிருக்கிறார் என்று பார்க்க மட்டுமே அந்தத் தாள். தேர்வில் பலரும் தடுமாறியதால் 1885இல் ‘இங்கிலீஷ் ஏ’ என்ற பாடம் முதலாமாண்டுக்கு வந்தது, மற்ற கல்லூரிகள் பின்தொடர்ந்தன. 1892இல் வெளியார் குழு ஒன்று மாணவர் தாள்களைப் பார்த்துவிட்டு, பள்ளிகள் சரியாகச் சொல்லித்தராமல் அனுப்புகின்றன என்று கடிந்து அறிக்கை கொடுத்தது. இன்றைக்கும் பிள்ளைகளுக்கு எழுத வரவில்லை என்று பிற துறைப் பேராசிரியர்கள் எங்களிடம் வந்து சொல்வது அதே குரலில்தான்.

ஆனால் பிழைகளை உட்கார்ந்து எண்ணிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1917இலிருந்து 2006வரை வெவ்வேறு ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர் தாள்களில் செய்த கணக்கெடுப்புகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால், நூறு சொல்லுக்கு ஏறத்தாழ இரண்டு பிழை என்பது பெரிதாக மாறவே இல்லை. மாறியது நீளம். சராசரித் தாள் 1917இல் 162 சொல், 1986இல் 422, 2006இல் 1,038. பிள்ளைகள் இப்போது ஆறு மடங்கு எழுதுகிறார்கள், அதே விகிதத்தில்தான் பிழை விடுகிறார்கள். எழுத வரவில்லை என்ற புலம்பலுக்கு இது போதுமான பதில் என்று நினைக்கிறேன். என் கவலை அந்த ஆயிரம் சொல்லும் யாரிடம் போய்ச் சேருகிறது என்பதுதான்.

1982இல் நான்சி சோமர்ஸ் என்ற ஆய்வாளர் நியூயார்க், ஓக்லஹோமா பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த 35 ஆசிரியர்கள் மாணவர் வரைவுகளின் ஓரத்தில் என்ன எழுதுகிறார்கள் என்று எடுத்துப் பார்த்துக் கட்டுரை வெளியிட்டார். பெரும்பாலான குறிப்புகளை ஒரு தாளிலிருந்து எடுத்து இன்னொரு தாளில் ஒட்டினாலும் பொருந்தும் என்றார். விவரி, தெளிவாகச் சொல், இன்னும் குறிப்பாக. இதைப் படித்துவிட்டு ஆசிரியர்களைக் குறை சொல்வது சுலபம், எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஏற்கெனவே தெரிந்த ஒன்றை இருபதாவது தடவை படிப்பவர் வேறு என்ன கேட்க முடியும்? எதையோ தெரிந்துகொள்ள வேண்டும் என்ற தவிப்போடு படித்தால் ஓரத்தில் எழுதுகிற கேள்வியும் அந்தத் தாளுக்கு மட்டுமே பொருந்துவதாக இருக்கும். லாரிக் கூலியை ஏன் பண்ணைக்காரர் தலையில் போடுகிறார்கள் என்று நான் எழுதிய குறிப்பை வேறு எந்தத் தாளில் ஒட்டுவது?

சரி, எல்லோருக்கும் பண்ணை இருக்கிறதா

இதைச் சொன்னால் சக ஆசிரியர்கள் எழுப்பும் முதல் தடை இது. நகர்ப்புற அடுக்குமாடியில் வளர்ந்து, போனும் பள்ளியுமாக இருந்த பிள்ளைக்கு என்ன தெரியும் என்பார்கள். நிறையத் தெரியும். மளிகைக் கடையில் பகுதி நேரம் வேலை பார்த்த மாணவர், விற்பனைத் தேதி முடிந்த ரொட்டியை யார் எப்போது எங்கே கொண்டுபோகிறார்கள் என்று எழுதினார், அது எனக்குத் தெரியாது. நீச்சல் குளத்தில் உயிர்காப்பாளராக இருந்தவர், மூழ்குகிறவர் பெரும்பாலும் சத்தம் போடுவதில்லை, பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித்தந்ததை எழுதினார். விஸ்கான்சினில் ஏரி உறைந்ததும் மேலே நடந்து போய்த் துளையிட்டு மீன் பிடிப்பார்கள். பனிக்கட்டி நடக்கத் தாங்குமா என்று மாநில இயற்கை வளத்துறை அளந்து சொல்வதில்லை, உள்ளூர்த் தூண்டில் கடையில் விசாரித்துக்கொள்ளச் சொல்கிறது. அப்படியானால் கடைக்காரருக்கு யார் சொல்வது என்று நான் கேட்ட கேள்விக்கு ஒரு மாணவர் ஆறு பக்கம் எழுதினார். வெளிநாட்டிலிருந்து போனவன் என்பது இந்த வேலையில் எனக்குப் பெரிய வசதி, எனக்குத் தெரியாதது அங்கே எக்கச்சக்கம், தெரியாது என்று நான் சொன்னால் மாணவர்கள் உடனே நம்புவார்கள்.

இரண்டாவது தடை இன்னும் கனமானது. சொந்த வாழ்க்கையிலிருந்து எழுதச் சொன்னால் பிள்ளைகள் தங்கள் காயத்தைக் கொண்டுவந்து மதிப்பெண்ணுக்கு வைக்கும் நிலை வரும். கல்லூரி விண்ணப்பக் கட்டுரை இதை ஏற்கெனவே பழக்கிவிட்டிருக்கிறது, யாருடைய துயரம் பெரியது என்ற போட்டி போல ஆகிவிட்டது. எனக்கு இது உண்மையான பயம், அதனால் என் அசைன்மென்ட் தாளில் உங்களைப் பற்றி எழுதுங்கள் என்ற வரியே கிடையாது. எனக்குத் தெரியாத ஒரு வேலை, ஒரு இடம், ஒரு நடைமுறை எப்படி நடக்கிறது, அதில் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம், அதில் உங்கள் நிலைப்பாடு என்ன என்றுதான் கேட்கிறேன். அந்த மாணவி தன் குடும்பத்தின் மனக்கஷ்டத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. சீட்டைத்தான் கேட்டேன்.

மற்ற துறைகளுக்குத் தீசிஸ் முதல் பத்தியில் வேண்டும், பத்தியின் கருத்தைச் சொல்லும் தலைப்பு வாக்கியம் ஒவ்வொரு பத்தியின் தொடக்கத்திலும் வேண்டும், அதைப் பழக்காமல் அனுப்பலாமா என்பார்கள். பழக்கலாம், ஒரு வாரம் போதும், எழுதி முடித்த கட்டுரையில் அதை முன்னால் நகர்த்தச் சொன்னால் செய்துவிடுவார்கள். ஆனால் 1974இல் ரிச்சர்ட் பிராடக் என்பவர் அமெரிக்கப் பத்திரிகைகளில் வந்த 25 கட்டுரைகளை எடுத்து எண்ணிப் பார்த்தபோது, தலைப்பு வாக்கியத்தோடு தொடங்கிய பத்திகள் வெறும் 13 சதவீதம்தான் இருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்லுவேன். சம்பளம் வாங்கி எழுதுகிறவர்கள் செய்யாத ஒன்றை முதலாமாண்டுப் பிள்ளை ஒவ்வொரு பத்தியிலும் செய்ய வேண்டும் என்று விதி போட்டு மதிப்பெண் குறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு இந்தப் பேச்சே வேறு திசைக்குப் போய்விட்டது. குறைந்தபட்ச ஊதியம் பற்றிய அந்த முதல் வரைவை இப்போது ஒரு நிமிடத்தில் வாங்கிவிடலாம். எல்லோருக்கும் தெரிந்ததைத் தெரிந்தவருக்கே திருப்பிச் சொல்லும் வேலைக்கு இனி ஆள் தேவையில்லை என்பதால், பல இடங்களில் நீல அட்டை போட்ட தேர்வு விடைப் புத்தகத்தை மறுபடி எடுத்துவந்து வகுப்பிலேயே ஐம்பது நிமிடத்தில் கையால் எழுத வைக்கிறார்கள். காரணம் புரிகிறது, ஆனாலும் எனக்கு இது பொறுக்கவில்லை. அது நேராக 1874க்குத் திரும்பிப் போவது. வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்க முடியாது, ஒரு எண்ணைச் சரிபார்க்க முடியாது, நேற்று எழுதியதை இன்று படித்துவிட்டு இது நான் சொல்ல வந்ததில்லை என்று கிழித்துப்போட முடியாது. எழுதக் கற்றுக்கொள்வது என்பதே அந்த மூன்றும்தான்.

என் வழிக்கு நேரம் வேண்டும், அதை மறைத்துப் பயனில்லை. காம்போசிஷன் ஆசிரியர்களின் அமைப்பான சி.சி.சி.சி. 1949இல் தொடங்கியது, ஒரு வகுப்பில் 20 பேருக்கு மேல் கூடாது, 15 பேரே நல்லது, ஒரு ஆசிரியருக்கு ஒரு பருவத்தில் 60 மாணவருக்கு மேல் கூடாது என்று அது பல காலமாகச் சொல்லி வருகிறது. நடைமுறையில் ஒரு பாடத்துக்கு இவ்வளவு என்று ஒப்பந்தக் கூலி வாங்கிக்கொண்டு இரண்டு மூன்று கல்லூரிகளுக்கு ஓடி நூறு பேருக்குமேல் திருத்துகிறவர்கள் எனக்குத் தெரிந்தவர்களிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் போய் ஒவ்வொரு மாணவரிடமும் இருபது நிமிடம் ஆர்வமாகக் கேள்வி கேளுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அவர்களிடம் ஆர்வம் இல்லாமல் இல்லை, நேரம்தான் இல்லை. ரூப்ரிக்கைத் திருத்தக் குழு, கருத்துத் திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருளுக்குக் காசு என்று செலவழிக்கும் கல்லூரிகள் வகுப்புக்கு ஐந்து பேரைக் குறைத்தால் என்ன என்று ஒவ்வொரு துறைக் கூட்டத்திலும் கேட்கிறேன். அடுத்த கூட்டம் செப்டம்பரில், இந்தத் தடவை மாணவர்கள் அனுமதி கொடுத்த கட்டுரைகளின் முதல் வரைவையும் இரண்டாவது வரைவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்துப்போகப் போகிறேன்.